முன்னால் நடந்தவள்

“கிளியனூர் பஸ் ஸ்டாப்புக்கே சைக்கிள்ல கொண்டாந்து உடச் சொல்லுவ. நீயாம்மா பாலைவனத்துல போயி மலை ஏறப் போற?” என்று அம்மா போனில் கேட்டபோது, புதிதாக வாங்கிய நடைக் காலணிகளை மடியில் வைத்துக் கயிறு கோத்துக்கொண்டிருந்தேன். அம்மா கேட்டதில் தப்பில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே களை வெட்ட என்னை யாரும் கூப்பிட்டதே இல்லை. திண்டிவனத்தில் படிப்பு, பிறகு ஓமானில் ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை என்று உட்கார்ந்தே வளர்ந்த உடம்பு.

அந்தக் காலணிகளை வாங்க வைத்தவர் எங்கள் மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்த கோட்டக்குப்பத்து அக்கா. அவர் வீட்டு ஆண்கள் தலைமுறையாக வளைகுடாவுக்குப் போய் வருகிறவர்கள். பெண்களில் தன் படிப்பைக் காட்டித் தன் பெயரில் விசா வாங்கி வந்தவர் அவர்தான். விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை விடிவதற்குள் எட்டுப் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு மலைப்பக்கம் நடக்கக் கிளம்பிவிடுவார். முக்காட்டை இறுக்கிக் கட்டி, அதன்மேல் தொப்பி. தோளில் மற்றவர்களுடையதைவிட இரண்டு மடங்கு கனமான பை. ஓமான் என்றால் மணல் என்றுதான் நினைத்திருந்தேன். மலையை நெடுக்கப் பிளந்ததுபோல் இறங்கும் பள்ளங்களையும், அவற்றின் அடியில் பேரீச்சை மரங்களுக்கிடையே ஓடும் தண்ணீரையும் காட்டியவர் அவர். வனவிலங்குக் காப்பகத்துக்குள் நுழைந்தால் ஆரஞ்சுத் தோலைக்கூடக் கீழே போட விடமாட்டார். ஒருமுறை எதிர்ப் பாறையில் ஒரு வரையாடு குட்டியோடு வந்து நின்றது. எல்லோரும் செல்போனை எடுத்துக்கொண்டு முன்னே நகர்ந்தபோது, “அது ஊட்ல அது நிக்குது. நாமதான் விருந்தாளி, தள்ளி நில்லுங்க” என்றார்.

முதல் நாளே என்னை வரிசையின் முதலில் நிறுத்தி, “நீ முன்னாடி போ” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று இரவே அம்மாவிடம், “நான்தாம்மா லீடர். எல்லாரும் என் பின்னாடிதான் வர்றாங்க” என்றேன். அம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். நான் நிற்கும்போதெல்லாம் பின்னால் அத்தனை பேரும் நிற்பார்கள். என் பேச்சுக்கு அவ்வளவு மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

பனிக்காலம் முடியும் நேரம், பெரிய பள்ளத்தின் விளிம்பையொட்டிப் பாழடைந்த ஒரு கல் கிராமம் வரை போகும் பாதைக்குப் போனோம். அன்று முழங்கால் வலியுள்ள மலையாளி சார் ஒருவர் புதிதாக வந்திருந்தார். அக்கா என்னைப் பார்த்து, “நீ ரெண்டாவது நில்லு, சாரு முன்னாடி வரட்டும்” என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் கழுகுகள் நமக்குக் கீழே வட்டமிடும் ஆழம். நான் எதையும் பார்க்கவில்லை. அடுத்த வெள்ளி முதல் வருவதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டே நடந்தேன்.

கல் வீடுகளின் நிழலில் உட்கார்ந்ததும் அக்கா பக்கத்தில் வந்தார். “இன்னாடி, மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு வர்ற?”

“என்னை ஏங்க்கா லீடர்லேர்ந்து எடுத்துட்டீங்க?”

அக்கா சிரித்த சிரிப்பு பள்ளத்தில் மோதித் திரும்பியது. “அடிப் பைத்தியமே! இருக்கறதுலயே மெதுவா நடக்கறவங்களதான் முன்னாடி உடுவாங்க. வேகமா போறவன் முன்னாடி போனா, மேல போயி குந்திக்கினு இருப்பான். நீ மூச்சு வாங்கிக்கினு போயி சேர்ற நேரம் அவன் எழுந்து கெளம்பிடுவான். உனுக்கு ரெஸ்ட்டு ஏது? இங்க இன்னா ஜல்தி? மலை எங்க ஓடப்போவுது?”

வரிசையில் கடைசியாக எப்போதும் அக்காதான் நடப்பார் என்பது அப்போதுதான் உறைத்தது. எங்கள் எல்லோரிலும் வேகமான கால் அவருடையது. வெட்கத்தோடு சேர்ந்து வேறொன்றும் நினைவுக்கு வந்தது. தலையில் புல்லுக்கட்டோடு வரப்பில் ஓட்டமும் நடையுமாய்ப் போகிற அம்மா, நான் புத்தகப் பையோடு போகும்போது மட்டும் என் பின்னால், என் நடைக்கு நடந்து வருவார். வீட்டில் முதல் ஆள் என்று நான் நிமிர்ந்து நடந்த காலமெல்லாம் அப்படித்தான் இருந்திருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை, அக்கா வருவதற்கு முன்பே போய் நின்றேன்.

அக்கா ஊருக்குத் திரும்பி, கோட்டக்குப்பத்தில் சொந்தமாக மருந்துக் கடை வைத்துவிட்டார். இப்போது வெள்ளிக்கிழமைகளில் கூட்டத்தைக் கூட்டிப் போவது நான். கனமான பையோடு கடைசியில்தான் நடக்கிறேன். போன வாரம் அம்மாவுக்கு விசா வந்தது. அக்காவிடம் போனில் சொன்னபோது, “உங்கம்மா காலு இன்னா சைஸு?” என்று மட்டும் கேட்டார்.

அம்மா வந்து சேர்ந்ததும் முதல் வெள்ளிக்கிழமை அதே விளிம்புப் பாதைக்குத்தான் போகப்போகிறோம். நாங்கள் இருவர் மட்டும். அம்மாவோடு நடந்தால் நான்தான் மெதுவாக நடப்பவள். அதனால் நான் முன்னால், அக்கா நடந்த கடைசி இடத்தில் அம்மா. அவருக்கான காலணிகள் என் காலணிகளுக்குப் பக்கத்தில் வாசலில் இருக்கின்றன. நேற்றே கயிறு கோத்துவிட்டேன்.