தேங்காய் எண்ணெய் போட்ட தோட்டா

எங்கள் வீட்டில் ஈயம் காய்ச்சுவது நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் டெக்சஸில் நாங்கள் இருக்கிற ஆலன் என்ற ஊரில் யாருக்கு விஷயம் தெரிந்தாலும் என் கணவர் பக்கம் திரும்பி, "அங்கிள், உங்க ஹாபியா?" என்று கேட்கிறார்கள். அவருக்கு வெடிச் சத்தமே ஆகாது. தீபாவளிக்குக் கம்பி மத்தாப்போடு நிறுத்திக்கொள்கிற ஆள்.

கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது நான் சுட்டிருக்கிறேன். அதன்பின் வருடக்கணக்கில் பார்மசியில் மாத்திரை எண்ணிவிட்டு, ஐம்பது வயதில் இங்கே ஒரு பழைய ராணுவ ரைபிள் வாங்கினேன். இந்தியாவில் செய்தது. அதன் மரக்கட்டையில் எந்தச் சிப்பாயோ கத்தியால் கீறிய நாலு கோடுகள் இருக்கின்றன. கடையில் விற்கிற தோட்டா அதற்குச் சுலபத்தில் அமைவதில்லை. அமைந்தாலும் அந்த வயதான துப்பாக்கிக் குழாய்க்கு அது ரொம்ப முரடு. அதனால் இந்த ஊர்க்காரர்கள் சிலர் செய்வதுபோல நானே ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றிக் குண்டு வார்க்கிறேன். பழைய பித்தளைக் கூட்டில் வெடிமருந்தை அளந்து போட்டு, குண்டை அதன் வாயில் பொருத்தினால் தோட்டா தயார்.

சொல்ல எளிது. அச்சு சூடேறும்வரை வருகிற குண்டெல்லாம் சுருங்கிப்போய் வரும். அத்தனையையும் திரும்பக் கொப்பரையில் போட வேண்டும். ஒரு கட்டத்துக்குப் பிறகு, அச்சைத் திறந்தால் பளபளவென்று ஒவ்வொன்றாக விழ ஆரம்பிக்கும் பாருங்கள், அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் எனக்குக் கோபம் வரும்.

பிரச்சினை கராஜ். ஒரு பாதியில் மகள் கல்லூரிக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன சாமான்களும் கொலுப்படியும். மறு பாதியில் என் பெஞ்ச். ஆக, என் கணவர் ஆசை ஆசையாக வாங்கிய புதுக் கார் வெளியே நிற்கிறது. எங்கள் பக்கத்தில் வசந்தம் வந்தால் ஆலங்கட்டி மழை. எலுமிச்சம்பழ அளவுக்கு விழும். மார்ச் பிறந்ததும் மனிதர் மணிக்கொரு தரம் போனில் வானிலை பார்ப்பார். பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்.

கடைசியில் இந்தப் புது வருஷம் பிறந்ததும் ஒரு ஒப்பந்தம் போட்டோம். மே மாதம் எங்கள் துப்பாக்கி கிளப்பில் பழைய ரைபிள்களுக்கு ஒரு போட்டி உண்டு. அதில் என் இருபது குண்டும் இலக்குக் காகிதத்தில் விழுந்தால் கராஜ் எனக்கு. இல்லாவிட்டால் பெஞ்சைத் தூக்கிவிட வேண்டும், கார் உள்ளே வரும். நான் வாய் கூசாமல் சரி என்றேன். இந்த நாட்டில் எனக்கே எனக்கென்று இருக்கிற ஒரே இடம் அந்த எட்டடிப் பெஞ்ச். அதை யார் விடுவார்கள்?

விட வைத்தது என் கொழுப்புதான். ஈயக் குண்டைச் சுற்றி இரண்டு மூன்று பள்ளங்கள் ஓடும். ஈயம் குழாயில் ஒட்டாமலிருக்க அதில் ஒரு மசகை அப்ப வேண்டும். தேன்மெழுகோடு இன்ன கிரீஸ் சேர்க்கச் சொல்லிப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. கிரீஸ் கைவசம் இல்லை. அது ஜனவரி. பாத்ரூமில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழாது, கல். ஆஹா, இதைவிட என்ன வேண்டும் என்று தாராளமாகச் சேர்த்தேன். களிம்பு குழைப்பது பார்மசிஸ்டுக்குத் தெரியாதா என்ற திமிர். வெண்ணெய் மாதிரி அழகாகவும் உறைந்தது. நூற்றிருபது தோட்டா செய்து அடுக்கினேன்.

போட்டியன்று போகிற வழியில், கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று இந்தியக் கடையில் நிறுத்தச் சொன்னதும் நான்தான். முக்கால் மணி நேரம். டெக்சஸ் மே மாத வெயிலில் கார் டிக்கியில் தோட்டாப் பெட்டி.

முதல் குண்டு வெடித்ததும், பக்கத்தில் படுத்திருந்த தாடிக்காரர் தலையைத் தூக்கி, யாராவது சமைக்கிறீர்களா என்று கேட்டார். நாலு குண்டு போனது. ஐந்தாவது வெறும் 'டிக்'. வெடிக்காவிட்டால் உடனே திறக்கக் கூடாது, குழாயை இலக்குப் பக்கமே வைத்துக் காத்திருக்க வேண்டும். காத்திருந்தேன். ஒன்றுமில்லை. ஆறாவதும் 'டிக்'. ஏழாவது 'புஸ்' என்றது, குண்டு குழாயிலேயே நின்றுவிட்டது. மேற்பார்வையாளர் ஓடிவந்து கையைக் காட்டி நிறுத்திவிட்டார். ஒரு தோட்டாவை எடுத்துப் பார்த்தால் விரலெல்லாம் எண்ணெய். உருகி உள்ளே இறங்கி மருந்தை நனைத்திருக்கிறது. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. என் கணவர் காதில் பஞ்சு வைத்து, அதன்மேல் காதடைப்பானும் போட்டுக்கொண்டு பின்னால் நின்றிருந்தார்.

பேச்சு பேச்சுதான், கராஜ் கைவிட்டுப் போயிற்று. குழாயை இரண்டே நாளில் சரிசெய்து வாங்கிவிட்டேன். ஆனால் கெட்டுப்போன தோட்டாக்களை அப்படியே வைத்திருக்க முடியாது. எல்லாவற்றையும் பிரித்த பிறகே பெஞ்சை எடுக்க முடியும். அடுத்த சனிக்கிழமை உட்கார்ந்தேன். சீக்கிரம் முடியட்டும் என்று அவரும் வந்தார். அதற்கென்று ஒரு பிளாஸ்டிக் சுத்தியல் இருக்கிறது. அதன் தலைக்குள் தோட்டாவை மாட்டி ஓங்கித் தட்டினால் குண்டு கழன்றுவிடும். இது வெடிக்காதே, வெடிக்காதே என்று மூன்று தரம் கேட்டார். முதல் தட்டில் கண்ணை மூடிக்கொண்டார். இருபதாவதில் மனிதருக்கு ஒரு லயமே வந்துவிட்டது. மூன்று தட்டு, கவிழ்ப்பு, மருந்து டப்பாவில். நெய்விட்ட ரவை மாதிரி பிசுபிசுவென்று விழுந்தது. நான் எடுக்கப் போனால் சுத்தியலைத் தரவில்லை.

மதியம் திடீரென்று வானம் கறுத்தது. ஆலங்கட்டி மழை எச்சரிக்கையில் இரண்டு பேர் போனும் ஒன்றாக அலறின. நான் எழுந்துவிட்டேன்.

"நீங்க காரை உள்ள கொண்டு வாங்க. பெஞ்சை நான் இழுத்துக்கறேன்."

அவர் வாசலைப் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார். மேலெல்லாம் திறந்த டப்பா, பாதி பிரித்த தோட்டா.

"வேணாம்மா. அவசரத்துல இழுத்தா மருந்தெல்லாம் கொட்டிடும். உட்காரு, முடிச்சுடலாம்."

முதல் கல் காரின் மேல் 'டங்' என்று விழுந்தது. பிறகு சரமாரியாக. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் முகம் சுருங்கியது, ஆனால் கை நிற்கவில்லை. கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அந்த மனுஷன் மேல் எனக்கு அவ்வளவு பிரியம் வந்ததில்லை. அதை அங்கேயே சொல்லவும் சொன்னேன்.

"அது இருக்கட்டும்," என்றார் அவர், அடுத்த தோட்டாவை மாட்டியபடியே. "அடுத்த தடவை மெழுகுல என்ன சேர்க்கப் போறே?"