மோட்டார் ஓடாமல் வாங்கிய பாஸ்

சத்துவாச்சாரியில் தையல் மெஷின் மோட்டார்களுக்குக் கன்ட்ரோல் பெட்டி செய்கிறேன். அதிலிருந்து கிளம்பும் மின்காந்த அலைகள் பக்கத்து மெஷின்களைக் கெடுக்காது என்று ஒரு லேப் ஒரே நாளில் சான்று தந்தது. மோட்டாரை ஓடவிடாமலே அளந்தார்கள். பாஸானால் போதுமென்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் பெட்டியை மாட்டி மோட்டாரை ஓடவிட்டேன். பக்கத்திலிருந்த தோல் வெட்டும் பிரஸ் யாரும் தொடாமலே தடாலென்று இறங்கியது. அதனடியில் தோலைச் சரிசெய்துகொண்டிருந்த தொழிலாளி செல்வி கையை உருவிய வேகத்தில் கண்ணாடி வளையல்கள் நொறுங்கி ரத்தம் வழிந்தது. என் சட்டையைப் பிடித்து அந்தக் கையாலேயே ஓங்கி அறைந்தார்.

“இன்னாய்யா டெஸ்ட் பண்ணே? என் கை போயிருந்தா உன் பேப்பரா வந்து தோல் வெட்டும்?”

இப்போது எந்த லேபிலும் என் முதல் கேள்வி, “மோட்டார ஓடவிட்டு அளப்பீங்களா?” என்பதுதான். அப்படி அளந்து என்னை மூன்று முறை ஃபெயிலாக்கிய லேபுக்கு மட்டுமே போகிறேன். அங்கே பாஸான பெட்டியை ஆம்பூரில் மாட்டி மோட்டாரை ஓடவிட்ட அன்று, பிரஸ்ஸுக்கு அடியில் முதலில் நீண்டது என் கை.