இடத்து மாட்டின் வலக்கொம்பு

தொண்ணூறுகளின் நடுவில், கால்நடை மருத்துவம் படித்து முடித்த கையோடு கீழ்பென்னாத்தூர் பக்கம் வேலையில் சேர்ந்திருந்தேன். எதையும் அந்த நிமிஷமே செய்து முடிக்க வேண்டும் எனக்கு. ஒருநாள் காலையில் ஓர் அம்மா தன் உழவு மாட்டை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். அதன் வலக்கொம்பு அடியோடு முறிந்து, ரத்தம் கண்ணை மூடித் தாடையில் வழிந்தது.

"ரெண்டு மாசமா தலைய ஒதறிக்கினே இருந்துச்சுங்க. பொங்கலுக்குப் பூசின பெயிண்ட் அரிக்குதுனு வுட்டுட்டேன். இன்னிக்கு மரத்துல லேசா இடிச்சுது, அவ்ளோதான்."

முறிந்த இடத்தில் காலிஃபிளவர் போலச் சதை. கொம்புப் புற்று. ரத்தக் குழாயைப் பிடித்துக் கட்டிப் புற்றை வெட்டி எடுக்காவிட்டால் மாடு மதியம் வரை தாங்காது. இவ்வளவு ரத்தம் போன உடம்புக்கு மயக்க மருந்து ஆகாது; மரத்துப்போகும் ஊசி மட்டும்தான். அதைப் போடவே தலை அசையாமல் இருக்க வேண்டும்.

உதவியாளரிடம் கயிறு போட்டு மாட்டைக் கீழே சாய்க்கச் சொன்னேன். அது என் அவசரப் புத்தி. மாடு முண்டியதில், நான் அழுத்திப் பிடித்திருந்த துணியையும் மீறி ரத்தம் பீறிட்டது.

"நிறுத்துங்க டாக்டரம்மா, நீங்களே கொன்னுடுவீங்க போல கீது! இதோட ஜோடிய கிட்ட கட்டுங்க, அடங்கும்."

ஜோடி மாடு பின்னாலேயே நடந்து வந்து வாசலில் நின்றிருந்தது. வலப்பக்கம் எனக்கு இடம் வேண்டுமே என்று அதை இடப்பக்கம் கட்டினேன். அடிபட்ட மாடு முன்னைவிட ஜாஸ்தியாகத் திமிறியது. அந்த நேரத்திலும் அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இது எடத்து மாடுங்க. ஏர் பழகின நாள்லருந்து இது எடப்பக்கம், ஜோடி வலப்பக்கம்தான். இம்மாம் படிச்சிகிறீங்க, இது தெரியாதா?"

"அப்ப நான் எங்கம்மா நிக்கிறது?"

"நடுவுல நில்லுங்க. ஒல்லியாத்தான கீறீங்க!"

பக்கத்து வீட்டில் ஒரு நுகத்தடி வாங்கி வந்து இரண்டின் கழுத்திலும் அவரே வைத்தார். அடிபட்ட மாடு ஒருமுறை பெருமூச்சு விட்டு, உழவுக்கு நிற்பதுபோல் நின்றுவிட்டது. இரண்டு முகங்களுக்கும் நடுவே நுழைந்து ஊசி போட்டேன். குழாயைக் கட்டினேன். புற்றை அடிவரை எடுத்தேன். இந்த மாடு தலையை இழுத்தபோதெல்லாம் அந்த மாடு நுகத்தை அசையாமல் தாங்கியது. அதன் மூச்சு என் பிடரியில் சூடாகப் பட்டுக்கொண்டே இருந்தது. கடைசித் தையல் போட்டபோது ரத்தம் நின்றிருந்தது.

புற்று திரும்பவும் வரலாம் என்று அந்த அம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன். "வரட்டும், அப்ப பாத்துக்கலாம். இப்ப நிக்குது இல்ல?" என்றார்.

தையல் பிரிக்கும் நாளில் இரண்டு மாடுகளையும் ஓட்டி வந்தார். நுகத்தடியும் இந்த முறை அவருடையதே. நான் முதலில் ஜோடி மாட்டிடம் போய், நன்றாக வெகுநேரம், அதன் கழுத்தடியைச் சொறிந்துகொடுத்தேன்.

"வைத்தியம் அதுக்கு இல்லைங்க, இதுக்கு," என்றார் அந்த அம்மா.

"தெரியும்மா," என்று சொல்லிவிட்டு, இரண்டுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன்.