ரோஸ்மேரி களிம்பில் ஒரு விரல் குழி

வடக்கே வந்து குடியேறிய எங்கள் கோந்த்வா வீட்டின் சமையலறையில் முகத்துக்குப் பூசும் களிம்பு செய்து விற்கிறேன். தேன்மெழுகு, பாதாம் எண்ணெய், அந்த எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் காக்க ரோஸ்மேரி சாறு. ஒவ்வொரு முறையும் ஒரு டப்பாவை அலமாரியில் எடுத்து வைப்பேன், நாளாக ஆக எப்படி மாறுகிறது என்று பார்க்க.

ஆறியதும் முதலில் விரலை விடுவது என் கணவர்தான். "ஏனுங்க, கரண்டி எதுக்கு வச்சிருக்குது?" என்று கத்துவேன். "விரல் வச்சாத்தான் தெரியும் கண்ணு" என்பார். அவருடைய சுட்டுவிரல் நுனி கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்திருக்கும். குழியும் அப்படியே விழும். சாகண் தொழிற்சாலையிலிருந்து வரும் வழியில் விபத்தில் போய்ச் சேர்ந்தார். கடைசியாக அவர் விரல் வைத்த டப்பாவை நான் யாரையும் தொட விடவில்லை. ரோஸ்மேரி இருக்கிறது, கெடாது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

கோடையில் அந்தக் குழி ஆழமானது. வெயிலில் களிம்பு இளகினால் குழி தூர்ந்துபோக வேண்டும். இதுவோ உள்ளே போயிற்று, அதே சாய்வோடு. பிறகு வீட்டில் அந்தக் களிம்பின் ரோஸ்மேரி வாசனை வர ஆரம்பித்தது. குளியலறை வாசலில், அவர் சாயும் சோபாவில். பயமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் சந்தோஷமாகவும் இருந்தது. அலமாரியைத் திறக்குமுன் தொண்டையைக் கனைத்துக்கொள்வேன், உள்ளே ஆள் இருப்பதுபோல.

மழைக்காலத்தில் ஒரு காலை, குழிக்குள் சாம்பல் நிறத்தில் மயிர் முளைத்திருந்தது, சவரம் செய்யாத தாடைபோல. டப்பாவைக் கீழே போட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தொழில்புத்தி வந்தது. பூசணம். ரோஸ்மேரி எண்ணெயைத்தான் காக்கும், பூசணத்தைத் தடுக்காது. ஆனால் தண்ணீர் படாமல் இந்தக் களிம்பில் அது பிடிக்காதே. ஈரக் கை பட்டிருக்கிறது. செத்தவர்கள் எதற்குக் கை கழுவப் போகிறார்கள்? அப்படியானால் அது அவர் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

சத்தம் கேட்டு, கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள் ஓடி வந்தாள்.

"நான்தான் மா. டெய்லி குளிச்சிட்டு, அப்பா விரல் வச்ச இடத்துல விரல் வச்சிட்டுப் போவேன். சாரி. கராப் ஆயிடுச்சா, கெட்டுப்போச்சா?"

தூக்கிப் போட்டோம். வேறு வழியில்லை.

அடுத்த முறை காய்ச்சி ஆறியதும் டப்பாவை அவளிடம் நீட்டினேன். "கையைத் துடைச்சுட்டு வை."

வைத்து எடுத்தாள். குழி வலப்பக்கம் சாய்ந்து விழுந்திருந்தது. அவள் விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பெற்று வளர்த்தவள் நான், இத்தனை நாள் அதைக் கவனித்ததே இல்லை.

கரண்டியை எடுத்து இழுப்பறைக்குள் வைத்துவிட்டேன்.