ஞாயிறு லீவு

என் மாமா யாழ்ப்பாணத்தில் கணிதப் பேராசிரியர். மாலையானால் கல்லூரி உதைபந்தாட்டக் குழுவுக்குப் பயிற்சியாளர். இத்தாலியில் பலேர்மோவுக்கு வந்தபின், நடக்க முடியாத ஒரு வயதான சிஞ்ஞோராவை, அந்த ஊர்ச் சீமாட்டியை, பராமரிப்பது அவர் வேலையாயிற்று. ஆனாலும், வீட்டுவேலைக்காரருக்கு ஓய்வு கிடைக்கும் வியாழன் பின்னேரங்களில், துறைமுகத்துக்குப் பக்கத்து வெறுந்தரையில் அவருடைய பழைய மாணவர்கள் கூடிவிடுவார்கள். அவர் தலை தெரிந்ததும் சிகரெட்டுகள் காலடியில் நசுங்கும். மாமா நிலத்தில் கோணங்கள் கீறி, பந்து எந்தப் பக்கம் வரும் என்று நிரூபிப்பார். பந்துக்கு அதெல்லாம் தெரியாது. போட்டி என்று வந்தால் ஒழுங்காகத் தோற்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை. சிஞ்ஞோராவின் குடும்பம் மொண்டெல்லோ கடற்கரைக்குச் சாப்பிடப் போனது. அவரைக் கவனிக்கக் கூடப்போன மாமாவோடு நானும் ஒட்டிக்கொண்டேன். அந்த உணவகத்தில் பரிமாறிக்கொண்டிருந்தது எங்கள் கோல்கீப்பர் அண்ணா! எனக்குப் பெருமை பிடிபடவில்லை. கையை ஆட்டினேன்.

மாமா அப்போது சிஞ்ஞோராவின் கழுத்தில் துணியைக் கட்டி, சூப்பை ஊதி ஊதி ஊட்டிக்கொண்டிருந்தார். அண்ணா எங்களைப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். எங்கள் மேசைக்கு வேறொருவர் வந்தார்.

"மாமா, அவர் உங்களைத் தெரியாத மாதிரிப் போறார்."

"கத்தாதை பிள்ளை. சாப்பிடு."

மாமாவை 'சேர், சேர்' என்று கூப்பிட்டுப் பின்னால் திரிகிறவருக்கு, வெள்ளைக்காரர் முன்னால் சேரைக் கண்டால் வெட்கமாக்கும் என்று நினைத்தேன். அவரை நாலு பேருக்கு முன்னால் கேட்காமல் விடுவதில்லை என்றிருந்தேன்.

வியாழக்கிழமை வந்தது. எல்லோரும் சுற்றி நிற்க, அண்ணாவிடம் கேட்டேன்.

"ஞாயிற்றுக்கிழமை ஏன் மாமாவோடை கதைக்கேல்லை?"

அவர் முகம் கறுத்துவிட்டது. "ஞாயிறு எனக்கு லீவு, பிள்ளை. நான் வேலைக்கே போகேல்லை."

"பொய்! நான் கண்டனான். மாமாவும் கண்டவர். கேட்டுப் பாருங்கோ!"

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். அவர் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஓம் பிள்ளை," என்றார் நிமிராமலே. "அவனுக்கு ஞாயிறு லீவு."

விசில் ஊதினார். எல்லோரும் ஓடினார்கள்.

மாமா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இரண்டு பெரியவர்களும் சேர்ந்து என்னைப் பொய்க்காரியாக்கிவிட்டார்களே என்று அழுதேன். அண்ணா முகத்தைத் திருப்பியது வெட்கத்தால் அல்ல, சேரை அந்த வேலையில் கண்டதாகக் காட்டாத மரியாதையால் என்று அப்போது எனக்குத் தெரியாது. அந்த மரியாதையைக் காப்பாற்றத்தான் மாமா பொய் சொன்னார் என்பதும் தெரியாது.