புதன்கிழமை மதியங்களும் ஓர் அணிவகுப்பும்

பதினாறு வயதில் நான்காம் படிவத்தில் படித்த ஆண்டை நினைத்தால் எனக்கு வகுப்பறை நினைவுக்கு வருவதில்லை. மதியம்தான் வருகிறது. பள்ளி விட்டு முக்கால்வாசிப் பேர் வீட்டுக்குப் போன பிறகு மாடி நடைகூடத்தில் வெயில் சாய்ந்து கிடக்கும். ஏதோ ஒரு வகுப்பில் மின்விசிறியை நிறுத்த மறந்திருப்பார்கள். அது தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். கீழே மண்டபத்தில் டிக்கிர் பாராட் குழுவினர் வரிசையாக உட்கார்ந்து, கைதட்டி, ஒரே மாதிரி சாய்ந்தாடிப் பாடிப் பழகுவார்கள். அந்த மலாய்ப் பாட்டும் கைதட்டலும் படிக்கட்டில் ஏறி என்னிடம் வந்து சேரும்போது பாதி தேய்ந்திருக்கும். எனக்குக் கண் சொக்கும். சுவரில் சாய்ந்தபடி, நான் எங்கே போகப் புறப்பட்டேன் என்பதையே மறந்து நிற்பேன்.

மலேசியாவின் தென்முனையில், ஜொகூர் பாருவில் எங்களுடையது பெண்கள் பள்ளி. விதிப்படி ஒரு மாணவிக்கு ஒரு சீருடை இயக்கம், ஒரு கழகம், ஒரு விளையாட்டு. அதற்கான நாள் புதன்கிழமை. எனக்கு வாய்த்தவை முதலுதவிப் படை, தமிழ்மொழிக் கழகம், வலைப்பந்து. அதோடு நின்றிருக்கலாம். ஆனால் திங்கட்கிழமை தோட்டக் கழகத்தின் வெண்டைச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். செவ்வாயன்று பாடகர் குழுவுக்கு நாற்காலி அடுக்கினேன். வியாழனன்று சதுரங்கக் கழகத்தில் யாருக்காவது எதிராள் கிடைக்காவிட்டால் நான் போய் உட்கார்ந்து, மரியாதையாகத் தோற்றுக் கொடுத்தேன். தங்கள் பெயர்ப் பட்டியலில் இல்லாத பெண் எல்லா இடத்திலும் நிற்கிறாளே என்று ஆசிரியைகளுக்கு ஆச்சரியம். இவளுக்கு வீடு வாசல் கிடையாதா என்று ஒரு டீச்சர் எல்லார் முன்னாலும் கேலி செய்தார்.

வீடு இருந்தது. அதில் ஆள்தான் இல்லை. அப்பா லாரி ஓட்டி வடக்கே போனால் ஞாயிற்றுக்கிழமைதான் திரும்புவார். அம்மாவுக்குச் சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை. விடிவதற்கு முன்பே தொழிற்சாலைப் பேருந்து அவரை ஏற்றிக்கொண்டு எல்லைப் பாலத்து நெரிசலில் போய் நிற்கும். இருட்டிய பிறகுதான் கொண்டுவந்து இறக்கும். நான் ஒரே பிள்ளை. அடுக்குமாடி வீட்டின் கதவைத் திறந்ததும் முகத்தில் வந்து படும் அந்த அமைதி எனக்குப் பிடிக்காது. பயமெல்லாம் ஒன்றுமில்லை. பிடிக்காது, அவ்வளவுதான்.

அம்மா வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டதும், சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, இன்றைக்கு என்ன கிளப்பு என்று கேட்பார். நான் தொடங்குவேன். இரண்டாவது வாக்கியத்துக்குள் தூங்கிவிடுவார். என் கதைகள் எதுவும் அவருக்கு முழுதாகத் தெரியாது. நான் மட்டும் நிறுத்தாமல் கடைசிவரை சொல்லி முடிப்பேன். எனக்கு யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது.

தமிழ்மொழிக் கழகத்தில் பொங்கல் வைத்தோம். சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் எரிவாயு அடுப்பு, கடையில் வாங்கிய கரும்பு, சுற்றிலும் பாவாடை தாவணியும் மலாய் உடையான பாஜூ கூரோங்கும் விளையாட்டு உடையுமாகக் கலந்து நின்ற பெண்கள். பால் பொங்கி வழிய வேண்டும் என்று நாங்கள் யாரும் விளக்கிச் சொல்லவில்லை. அது எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டோம். பால் நுரைத்து ஏறியதும், உதவிக்கு வந்த சீனத் தோழி பதறிப் பாய்ந்து அடுப்பை அணைத்தாள். எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மறுபடி பற்றவைத்து, அவளையே பானைப் பக்கத்தில் நிறுத்தி, வழிந்தபோது அவளையே கூவச் சொன்னோம். படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். வேலை நேரத்தில் கைப்பேசியைப் பெட்டியில் பூட்டிவிட வேண்டும் என்பதால் பதில் இருட்டிய பிறகுதான் வந்தது. பொங்கிவிட்டதா என்று கேட்டிருந்தார். பால் பொங்கிப் பல மணி நேரம் ஆகியிருந்தது. அந்தப் பதிலைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது, ஏன் என்று அன்றைக்குப் புரியவில்லை.

அதற்குப் பிறகுதான் எனக்கு அந்த ஆசை பிடித்தது. நான் செய்யும் ஏதாவது ஒன்றை, அது நடக்கும்போதே, அம்மா பார்க்க வேண்டும். ஒரு தடவை போதும்.

வாய்ப்பு முதலுதவிப் படையில் வந்தது. விளையாட்டு விழாவன்று எல்லாச் சீருடை இயக்கங்களும் அணிவகுத்துப் போட்டியிடும். எங்கள் படையின் தலைவியாக இருந்த ஐந்தாம் படிவ அக்கா தேர்வைக் காரணம் காட்டி விலகிக்கொண்டார். குரல் பெரியது என்ற ஒரே தகுதியில் என்னைப் பிடித்து முன்னால் நிறுத்தினார்கள். என் கவனம் எந்நேரமும் மேகத்தில் என்பது ஊரறிந்த விஷயம். ஆனாலும் திடலில் நின்று அடிவயிற்றிலிருந்து குரல் கொடுத்தபோது, வரிசைகள் ஒரே உடம்பாகத் திரும்பியதைப் பார்த்து எனக்கே புல்லரித்தது.

கட்டளைகள் எல்லாம் மலாய் மொழியில். மேடையைக் கடக்கும்போது 'பண்டாங் கானான்' என்று நான் கூவ வேண்டும். உடனே எல்லாத் தலையும் வலப்பக்கம் மேடையை நோக்கித் திரும்பும், நான் சல்யூட் அடிப்பேன். பயிற்சியில் அந்த அக்கா ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். கமாண்டர் தப்பாகச் சொன்னாலும் அதுதான் கட்டளை. பாதிப் பேர் சரியாகவும் பாதிப் பேர் தப்பாகவும் திரும்பினால் அதைவிட அசிங்கம் கிடையாது. முன்வரிசையில் முதல் ஆள் என் தோழி. அவள் அப்பா ஊருக்குள் சாப்பாட்டுக் கடை நடத்தினார். கடலோரத் தமிழ்நாட்டிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பம். கடையிலிருந்து ரொட்டி கொண்டுவந்து பயிற்சி முடிந்ததும் எல்லாருக்கும் பிய்த்துக் கொடுப்பாள். மழை வந்தால் கார் நிறுத்தும் கூரைக்கு அடியில் நின்ற இடத்திலேயே கால் மாற்றிப் பழகுவோம். மழைச் சத்தத்தில் எங்கள் காலடிச் சத்தம் கரைந்துபோகும். அந்த மாதங்களில் நான் தூக்கத்திலும் நடந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

விழா சனிக்கிழமை. சொன்னதும் அம்மா, பார்க்கலாம் என்றார். எங்கள் வீட்டில் அதற்கு முடியாது என்று பொருள். நான் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் கதையே சொல்லவில்லை. மூன்றாம் நாள் அம்மா சோபாவில் தூங்காமல் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு ஆளுகிட்ட கேட்டு ஷிப்ட்டு மாத்திட்டேன். வெள்ளிக்கிழம நைட்டு வேல. காலைல பஸ்ஸ விட்டு எறங்கி நேரா ஸ்கூலுக்கு வந்துர்றேன்."

சனிக்கிழமை காலை திடலின் வலப்பக்கம் மேடையும், அதை ஒட்டிப் பெற்றோருக்கான கூடாரமும் இருந்தன. இடப்பக்கம் வேலியும் அங்சானா மரங்களும்தான். அங்கே யாரும் நிற்பதில்லை. மற்ற இயக்கங்கள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசி அணி எங்களுடையது. கூடாரத்தில் வரிசை வரிசையாகத் தேடினேன். நல்ல சேலை, நல்ல செருப்பு, விசிறிக்கொண்டிருந்த நிகழ்ச்சி அட்டைகள் எல்லாம் தெரிந்தன. அம்மா இல்லை. பாலத்தில் மாட்டிக்கொண்டிருப்பார் என்று மனதுக்குச் சொல்லிவிட்டு நடையைத் தொடங்கினேன். கால் தானாகப் போயிற்று.

மேடை நெருங்கியபோது ஏதோ நீலமாக அசைந்தது. இடப்பக்க வேலியோரம், மரத்தடியில், தொழிற்சாலைச் சட்டையோடு அம்மா நின்றிருந்தார். தோளில் பெரிய பை. தலைமுடிக்குப் போடும் வலைத்தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. அந்தக் கோலத்தில் கூடாரத்துக்குள் போகக் கூச்சப்பட்டு அங்கேயே ஒதுங்கியிருக்கிறார். எட்டி எட்டி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வாயைத் திறந்தேன். பண்டாங் கிரி என்று வந்தது.

இடப்பக்கம் பார்க்கச் சொல்லும் கட்டளை அது. ஒரு நொடிகூடத் தயங்காமல் அத்தனை தலையும் இடப்பக்கம் திரும்பியது. என் கை வேலியை நோக்கிச் சல்யூட் அடித்தது. மேடையில் இருந்த சிறப்பு விருந்தினருக்கும் முதல்வருக்கும் எங்கள் பின்னந்தலைதான் கிடைத்தது. கூடாரம் சிரித்தது. எனக்கு எதுவும் சரியாகக் கேட்கவில்லை. வெயில், புல், தாளம் தப்பாத காலடி, எல்லாம் கனவில் போல மெதுவாக நடந்தன. இத்தனை பெண்கள் யாரைப் பார்க்கிறார்கள் என்று அம்மா பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே வேலி மட்டும்தான் இருந்தது. மறுபடி எங்கள் பக்கம் திரும்பி, தோள் பையை மெல்லப் புல்லில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு நேராக நின்றார்.

கோப்பை கைவிட்டுப் போனது. பொறுப்பாசிரியை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நாற்காலிகளை அடுக்கப் போனார், திட்டியிருந்தால்கூடத் தேவலை. சிலர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை, அத்தனை மாத உழைப்பு. தோழி மட்டும் அன்றைக்கே தலைமுக்காட்டைச் சரிசெய்தபடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்த மரத்துக்கடியில யாருடி?"

"எங்கம்மா."

"அப்பச் சரி லா," என்று சொல்லிவிட்டு ரொட்டியைப் பிய்த்து என் கையில் வைத்தாள்.

வீட்டுக்குப் போகும் பேருந்தில் அம்மாவுக்குத் தூக்கமே வரவில்லை. இரவு முழுக்க நின்று வேலை பார்த்த கால் வீங்கியிருந்தது. முகம் மட்டும் பளிச்சென்று இருந்தது. அவர் வந்து சேர்ந்தபோது மற்ற அணிகள் போய் முடிந்திருந்தன. எங்களை மட்டும்தான் பார்த்திருக்கிறார். தப்பு நடந்துவிட்டது, கோப்பை போய்விட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"மேடையில பெரிய பெரிய ஆளுங்க உக்காந்திருக்காங்க. அவங்கள விட்டுட்டு, எங்கேயோ ஓரத்துல நிக்கிற அம்மாவத் தேடிப் பாத்து மரியாத பண்ணச் சொல்லிக் குடுத்திருக்காங்க பாரு. நல்ல ஸ்கூலும்மா."

நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கடைகளும் மோட்டார் சைக்கிள்களும் கண்ணீரில் கலங்கிப் போய்க்கொண்டிருந்தன.

"ஆமாம்மா," என்றேன். "எங்க ஸ்கூல்ல வருஷா வருஷம் அப்படித்தான்."

அம்மா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப அடுத்த வருஷமும் ஷிப்ட்டு மாத்திக்கிறேன். அதே மரத்தடியிலயே நிக்கிறேன்," என்றார்.