தகர மனிதனின் குரல்

1979 சித்திரை. ஸ்ரீரங்கத்தில் தேர் நிலைக்கு வந்த மறுநாள் என்பதால், நாளில் எனக்குக் குழப்பமில்லை. திருச்சியில் ஒரு மைதானத்தில் பொருட்காட்சி. மனைவியோடும் மஞ்சள் கவுன் போட்ட நான்கு வயது மகளோடும் போயிருந்தேன்.

அந்தி மங்கி விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. புழுதியும் வெளிச்சமும் கலந்து மைதானமே தண்ணீருக்கடியில் இருப்பது போலத் தெரிந்தது. ஒரு கடையில் இயந்திர மனிதன் காபி கொடுக்கிறது என்றார்கள். உடம்பெல்லாம் தகரம், மார்பில் சிவப்பும் பச்சையுமாகப் பல்புகள். தட்டேந்தி மெதுவாக அசைந்து வந்தது. என் மகள் இமைக்கவே இல்லை.

வரிசையில் முன்னால் நின்றவர் திரும்பினார். "பாத்தீங்களா சார்? இதுக்கு லீவு வேணாம், டிப்ஸ் வேணாம். இனிமே சர்வருங்க எல்லாம் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

நானும் தலையாட்டினேன். அப்போதுதான் கரண்ட் போனது.

ராட்டினம் நின்றது. கூட்டம் நெருக்கித் தள்ளியதில் மகளின் கை என் பிடியிலிருந்து நழுவியது. பெயர் சொல்லிக் கத்தினேன். ஆயிரம் பேர் வேறு வேறு பெயர்களைக் கத்திக்கொண்டிருந்தார்கள். மனைவி அழ ஆரம்பித்துவிட்டாள்.

அந்த இரைச்சலுக்கு மேலே ஒரு குரல் எழுந்தது. ஹோட்டலில் சமையல்கட்டுக்கு ஆர்டர் சொல்வார்களே, அதே இழுப்பு.

"மஞ்சக் கவுன் பாப்பா ஒண்ணேய்! அப்பா அம்மா யாருங்க? காபிக் கடைக்கு வாங்கோய்!"

அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே இருட்டில் நடந்தோம்.

விளக்கு வந்தபோது தகரத் தலை பெஞ்சின் மேல் இருந்தது. வேர்த்து வழிந்த மனிதர் ஒருவரின் தகரத் தோளில் என் மகள் உட்கார்ந்திருந்தாள்.

"வாயத் திறக்காதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, எல்லாம் போச்சு!" என்று கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"புள்ள என் காலைக் கட்டிக்கிட்டு அழுவுதுங்க. மிஷின் மாதிரி நிக்கச் சொல்றீங்களா?" என்றவர், என்னிடம் குழந்தையை நீட்டினார். "ஸ்ரீரங்கத்துல ஹோட்டல் சர்வருங்க. ஒரு வாரம் லீவு போட்டுட்டு வந்திருக்கேன்."

வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் என்னைப் பார்க்காமல் காபியை ஊதிக் குடித்தார்.

"மாமாவுக்கு வேர்க்குதுப்பா" என்றாள் மகள். என் மனைவி முந்தானையால் அவர் முகத்துக்கு விசிறினாள்.

வெளிநாட்டில் இயந்திரங்கள் பரிமாறப்போவதாக இப்போது பத்திரிகைகளில் படிக்கிறேன். பரிமாறட்டும்; ஆனால் கரண்ட் போகும்போதெல்லாம், பக்கத்தில் மகள் இருந்தாலும், அந்தக் குரல் எங்காவது எழுமா என்று என் காது இன்னும் தேடுகிறது.